முட்டைப் பின்

ஒரே பின் சட்டம் வந்த அன்றைக்குத் தெருவில் பட்டாசு வெடித்தவர்களில் பிலோமினாவும் ஒருத்தி. ஏன் வெடிக்கமாட்டாள்? இருபது வருஷம் ரிச்சி தெருவில் சார்ஜர் விற்றவள் அவள். கடையைத் திறந்ததிலிருந்து, “சின்ன பின் இருக்கா, தட்டைப் பின் இருக்கா, உருண்டையா ஒண்ணு வருமே அது இருக்கா” என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்டவள். போனுக்கு ஒரு பின், லேப்டாப்புக்கு ஒரு பின், சவர மெஷினுக்கு ஒரு பின், பல் தேய்க்கிற பிரஷ்ஷுக்குக்கூட ஒரு பின். வீட்டுக்கு வீடு ஒரு டப்பா நிறைய ஒயர் கிடக்கும். அவசரத்துக்குக் கையை விட்டால் எதுவும் எதற்கும் சேராது.

சேர்ந்தாலும் தொல்லைதான். ஒரே மாதிரி பின்னை வாங்கிப்போய் மாட்டிவிட்டு, சார்ஜ் ஏறவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். பிலோமினா சலித்துக்கொள்ளாமல் சொல்வாள்: “பொருந்தினா போதாதுண்ணே. சார்ஜரும் சாமானும் ஒண்ணுக்கொண்ணு பேசணும். ‘நீ யாரு, எவ்ளோ கரண்ட் தருவே’ன்னு கேக்கும். பதில் சரியா வந்தாத்தான் வாங்கும்.”

இந்தக் கூத்துக்கெல்லாம் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. இனி எந்தச் சாமானாக இருந்தாலும் ஒரே பின். பழசை மையத்தில் ஒப்படைத்தால் புதுசு இலவசம். பிலோமினாவின் கடை மூடிப்போனது. ஆனால் பின்னைத் தடவியே பெயர் சொல்பவளை விடுவார்களா? ராயபுரம் மாற்று மையத்தில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். அங்கே ஒரு முறை இருந்தது. புதுசைக் கையில் கொடுத்ததும், பழசைக் கொண்டுவந்தவர் கண்ணெதிரிலேயே வெட்ட வேண்டும். பின்னுக்கு இரண்டு விரல் தள்ளி, கட்டரால் ஒரே வெட்டு.

“ஏம்மா, நடுவுல வெட்டினா ஆவாதா?” என்று கிடங்குக் காவலர் கோதண்டம் ஒருநாள் கேட்டார்.

“நடுவுல வெட்டினா எவனாவது முறுக்கி ஒட்டிடுவான். மூளை பின்னுலதான் இருக்கு. தலையை எடுத்துட்டா முண்டத்தை வச்சு என்னா பண்ணுவான்?” என்றாள். எத்தனை லட்சம் தலைகளை எடுத்திருப்பாளோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

அவள் புருஷன் சூசை துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். நாற்பத்தாறு வயதில் இதயம் பலவீனப்பட்டு, நெஞ்சுக்குள்ளே ஒரு பம்ப் வைத்தார்கள். இடது விலா எலும்புக்குக் கீழே முட்டை வடிவத்தில் ஒரு சின்ன வாய். அதன் பக்கத்தில் ஒரு விளக்கு. பின்னை மாட்டினால் விளக்கு பச்சையாக எரியும். பம்ப்போடு கம்பெனிக்காரன் இரண்டு சார்ஜர் தந்திருந்தான்.

உடம்புக்குள் இருக்கிறதை எப்படி மாற்றுவது? அதனால் சட்டம் இவர்களுக்கு ஐந்து வருஷம் தவணை கொடுத்தது. ஆனால் ஓர் ஆளுக்கு ஒரு பழைய சார்ஜர்தான். மையத்து மேலதிகாரி ஒருநாள் போட்டோக்காரனோடு வந்து நின்றார். “ஊருக்கெல்லாம் வெட்டற நீங்களே வீட்ல ரெண்டு வச்சிருக்கலாமாம்மா? நீங்கதான் முன்மாதிரியா இருக்கணும்.” பிலோமினா வீட்டுக்கு ஓடிப்போய், பிரிக்காத பெட்டியிலிருந்த இரண்டாவது சார்ஜரைக் கொண்டுவந்து, பல்லைக் காட்டிக்கொண்டு வெட்டினாள். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. சூசை அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதைப் படமாகவும் மாட்டிவைத்த குடும்பம் அதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாம் வருஷம் கம்பெனி திவாலானது. ஐந்தாம் வருஷம் தவணை முடிந்தது; கையிலிருந்த ஒற்றைச் சார்ஜரை விட்டுவைத்தார்கள், அவ்வளவுதான். சூசையின் ஒற்றைச் சார்ஜர் ஒயர் நைந்து, டேப் மேல் டேப்பாகச் சுற்றிக் கட்டைவிரல் தடிமனுக்கு வந்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்தார். “பம்ப் நல்லாத்தாம்மா இருக்கு. அதுக்குச் சாப்பாடு போடற வழிதான் இல்ல.”

“மாத்தி வெச்சிருங்க சார்.”

“லிஸ்ட்ல எழுதிக்கறேன். முன்னால நாலாயிரம் பேர் இருக்காங்க.”

“வேற சார்ஜர் எதுனா மாட்டினா?”

“அது சொல்ற வார்த்தை சரியா இல்லன்னா பம்ப் துளித்துளியாத்தான் வாங்கும். ஆனா லைட் பச்சையா எரியும். பின் உள்ள இருக்குன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம்.” டாக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “முழு சார்ஜ் ஆறு மணி நேரம் ஓடும். கடைசி அரை மணி பீப் அடிக்கும். நிறையறதுக்கு எட்டு மணி நேரம் ஆகும். அதனால ஒரு சார்ஜரை ரெண்டு பேர் பங்கு போட்டுக்கவும் முடியாது.”

வெளியே வந்தபோது பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். விலாவுக்குக் கீழே ஒயர் நுழைந்திருந்தது. ஒயரை வளைத்துக் கையால் அழுத்திப் பிடித்தபடி, தூண் பக்கத்து பிளக்கில் மாட்டி உட்கார்ந்திருந்தாள். கையை எடுத்தால் விளக்கு அணைந்துவிடும். முட்டைப் பின்.

“உனக்கும் அதே கதைதானா?” என்றாள் பிலோமினா.

“ஆமாக்கா. பதினாறு வயசுல வச்சாவ. இப்ப இருவத்திமூணு.” திருநெல்வேலிக்காரி, பெயர் இசக்கி, பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுத் தனியாக வந்திருக்கிறாள். “டாக்டர் கைய விரிச்சிட்டாருக்கா. ஊருக்குப் போயி அம்மைட்ட என்னத்தச் சொல்ல?”

பிலோமினாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனாலோ என்னவோ, “எழுந்து வா” என்றுவிட்டாள்.

கோதண்டம் பழைய பழக்கத்துக்கு மாற்று மையத்துக் கிடங்குக் கதவைத் திறந்துவிட்டார். வெட்டிய ஒயரை அரைக்கும் மெஷின் பழுதாகி நின்றுபோனதால் மிச்சமிருந்த குவியல் அது; கூரை முட்டும் அளவு ஒயர். நான்கு நாள் இரண்டு பேரும் முழங்கால் புதைய நின்று கிளறினார்கள். எடுத்ததெல்லாம் முண்டம். வெட்டு ஒவ்வொன்றும் நறுக்கென்று, இரண்டு விரல் அளவு பிசகாமல் இருந்தது.

“யாருக்கா இம்புட்டுச் சுத்தமா வெட்டினது?” என்றாள் இசக்கி.

பிலோமினா குனிந்து இன்னொரு பிடி ஒயரை அள்ளினாள். கோதண்டம் வேறு பக்கம் திரும்பி இருமினார்.

நான்காம் நாள் சாயங்காலம், கட்டுப் பிரிக்காத ஒரு மூட்டையில் இரண்டு முட்டைப் பின்கள் தலையோடு கிடைத்தன. இசக்கி பிலோமினாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். “ஆளுக்கு ஒண்ணுக்கா! சாமி கணக்காத்தான் குடுத்திருக்கு பாத்தியளா!”

“இரு இரு. வீட்ல மீட்டர் இருக்கு, சோதிச்சுட்டு காலையில தர்றேன். உனக்கு ஒம்போது மணிக்குத்தானே ரயிலு? போற வழியில வந்து வாங்கிக்க.”

வீட்டில் சூசையின் பம்ப்பில் ஒவ்வொன்றாக மாட்டி, நடுவே மீட்டரை வைத்துப் பார்த்தாள். முதல் சார்ஜரில் முள் துள்ளி எழுந்தது. இரண்டாவதில் விளக்கு பச்சையாக எரிந்தது. முள் மட்டும் படுத்தே கிடந்தது. ஏதோ ஒரு காலத்து லேப்டாப் சார்ஜர். அதே வாய், அதே கறுப்பு, அதே நீளம். பேசத்தான் தெரியாது.

“இன்னாச்சு?” என்றான் சூசை.

“ரெண்டும் நல்லாத்தான் கீது” என்றாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலை எடுத்து, நல்ல சார்ஜரின் ஒயரில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இவள் யாரோ, எந்த ஊரோ. நாலு நாள் பழக்கம். பிலோமினா மனசுக்குள் இதையே ஜெபமாலை உருட்டுகிற மாதிரி உருட்டினாள். சூசையின் பழைய சார்ஜர் அன்றைக்கே புகைந்து செத்ததும் அவளுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. பாரு, மாதாவே எனக்குத்தான்னு முடிவு பண்ணிட்டா. விடிய விடிய நூல் கட்டியதில் அவனுக்குச் சார்ஜ் ஏற்றி, ஆறு மணிக்குக் கழற்றி, இரண்டையும் அலமாரியில் வைத்துவிட்டுத் தண்ணி லாரிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

எட்டு மணிக்கு இசக்கி வந்தாள். சூசை அப்போதுதான் குளிக்கிறேன் என்று பின்கட்டுக்குப் போனான். தலைவாரிப் பூ வைத்திருந்தாள் பெண். கையில் ஒரு பொட்டலம் அல்வா. “கடையில வாங்குனதுதான்க்கா. எங்கூர்னா இன்னும் நல்லா இருக்கும். மாமாவ ஒருவாட்டி கூட்டிட்டு வாங்க, நானே ஊரச் சுத்திக் காட்டுதேன்.”

“ராத்திரி தூங்கினியா?” என்றாள் பிலோமினா, கேட்க வேறெதுவும் வராமல்.

“எங்க தூங்க? ஒயர அமுக்கிப் பிடிச்சிட்டே உக்காந்திருந்தேன். ஏழு வருசமா இந்தப் பச்ச லைட்டப் பாத்துட்டேதான்க்கா கண்ண மூடுவேன். அது எரிஞ்சா பயமே இருக்காது. இன்னைக்கு ரயில்ல நல்லா தூங்கப் போறேன்.”

பிலோமினாவின் கை அலமாரியில் நூல் இல்லாத சார்ஜரைத் தொட்டது. தொட்டதோடு நின்றது. இந்தப் பெண் பச்சை விளக்கை நம்பிக் கண்ணை மூடுவாள். இருபது வருஷம் முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் பொருந்தினால் போதாது என்று படித்துப் படித்துச் சொன்னவள், இவளுக்கு மட்டும் சொல்லாமல் அனுப்புவதா? அப்படி ஒரு காரியத்தைச் செய்துவிட்டு புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்ன முடியுமா? சூசைக்கே தெரிந்தால் அந்தச் சார்ஜரைப் பிடுங்கி எறிவான்.

கையை நகர்த்தி நூல் கட்டியதை எடுத்தாள். முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்துப் போட்டாள். “இந்தா. இதான் உனக்கு. பத்திரம்.”

இசக்கி குனிந்து அவள் காலைத் தொட்டாள். பிறகு பையிலிருந்து தன் பழைய சார்ஜரை எடுத்தாள். “இத என்ன செய்யக்கா? ஸ்டேசன்ல பையப் பிரிச்சுப் பாக்காவளாம். ரெண்டு வச்சிருந்தா பிடிச்சு உக்கார வச்சிருவாவ. ரயில விட்டுருவேன்.”

“குடு. தீப்பொறி வேற வருது, நெஞ்சாண்ட இத வச்சிக்கலாமா?” கட்டர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. புதுசு கையில் போய்விட்டது, பழசு கண்ணெதிரில். கை தானாக அளந்தது. இரண்டு விரல் தள்ளி, நறுக்.

“ஏ யப்பா, நீங்கதானா அது!” என்று இசக்கி சிரித்தாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை பிலோமினா நின்று பார்த்தாள். பிறகு மிச்சமிருந்ததைக் கொண்டுபோய், குளித்து வந்த சூசைக்கு மாட்டினாள். பச்சை எரிந்தது. சூசை ஒயரை ஒருமுறை பார்த்தான். சிவப்பு நூல் எங்கே என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் அன்றைக்கு ஒருவரையொருவர் ரொம்பத்தான் தாங்கினார்கள். அவள் சங்கரா மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தாள். அவன் உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொடுத்தான்; கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் உரித்த முதல் பூண்டு.

“ரேடியோவ அமத்து பிலோமி” என்றான் பதினொன்றே காலுக்கு.

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாத வீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஆறு மணிக்குக் கழற்றியது, பன்னிரண்டுக்கு முடியும், பதினொன்றரைக்கு பீப் அடிக்க வேண்டும். கடிகாரம் பதினொன்றரையைத் தாண்டியது. பதினொன்றே முக்கால் ஆனது. ஒரு சத்தமும் இல்லை. துளித்துளியாக ஏறியதில் கொஞ்சம் தாமதம் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். பன்னிரண்டு அடித்தபோது அவளால் தாங்க முடியவில்லை.

“யோவ். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“எனக்கும் ஒண்ணு சொல்லணும். மொதல்ல நீ சொல்லு.”

“உனக்கு மாட்டிக்கிறது சொத்தை. வெறும் லைட்டுதான் எரியுது. நல்லதை அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டேன். என்னால முடியலைய்யா. என்ன மன்னிச்சிரு.” அவன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

சூசை அவள் தலையைத் தடவினான். அவன் குரலில் சந்தோஷம் இருந்தது. “அழுவாத. நல்லது அதுக்குத்தான் போச்சுன்னு எனக்குத் தெரியும்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“நான்தானே அனுப்பிச்சேன். நேத்து மீட்டர் முள்ளை நானும் பாத்தேன். ரெண்டும் நல்லாக் கீதுன்னு நீ சொல்லச்சொல்லவே புரிஞ்சுபோச்சு, நீ அதுக்குச் சொத்தையைக் குடுத்துருவேன்னு. எனக்காவ நீ எந்தப் பாவமும் கட்டிக்கக் கூடாதுடி. அதான் நீ தண்ணி லாரிக்குப் போனப்ப நூலை மாத்திட்டேன். நல்லதுலேந்து அவுத்து சொத்தைல கட்டினேன். நீ நூலு இல்லாததைத் தூக்கி அதுக்குக் குடுப்ப, அது பொழச்சுக்கும்னு. எனக்கு மாட்டினதுல நூலைக் காணோம்னதும், நீ அவுத்துட்டேன்னுதான் நெனச்சேன்.”

பிலோமினா மெல்லத் தலையைத் தூக்கினாள். “நான் நூலு கட்டினதைத்தான் குடுத்தேன்.”

சூசை அலமாரியைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் எழுந்துபோய் மீட்டரைக் கொண்டுவந்தாள். நடுவே சொருக இரண்டு தடவை தப்பியது. சொருகியதும் முள் துள்ளி எழுந்து நின்றது.

“சேசுவே” என்றான் சூசை.

இசக்கியின் பழைய சார்ஜர் தரையில் இரண்டு துண்டாகக் கிடந்தது. அவள் ஏழரைக்குக் கழற்றியிருப்பாள். ஏழரையோடு ஆறு மணி நேரம் கூட்டினால் மதியம் ஒன்றரை. ரயிலில் துளித்துளியாக ஏறியதையும் சேர்த்தால் இரண்டு. இப்போது மணி பன்னிரண்டேகால். ரயில் ஒரு மணிக்குத்தான் திருச்சி போகும். இங்கிருந்து எந்தக் காரும் அதைப் பிடிக்காது.

சூசை திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். யாரோ எடுத்தார்கள். நிலைமையைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டார்கள்: “எந்தப் பின் சார்?”

“முட்டைப் பின்.”

“அது தவணை முடிஞ்சதாச்சே. எங்ககிட்ட எதுவும் இல்ல. சென்னைக்கே கூட்டிட்டுப் போங்க.” வைத்துவிட்டார்கள். மதுரைக்கும் போட்டான். அங்கேயும் முதல் கேள்வி அதுதான்.

“அதுகிட்ட சொல்லிடலாம் பிலோமி. அதோட உசுரு. தெரிஞ்சுக்கிற உரிமை அதுக்குக் கீது.”

“சொல்லி?” என்றாள் அவள். “சொல்லி, அது என்னா பண்ணும்?”

ஆனாலும் எண்ணை அழுத்தினாள். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தாள் இசக்கி. பின்னால் ரயில் சத்தம், யாரோ சுண்டல் விற்கும் சத்தம்.

“எக்கா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஸ்டேசன்ல பையக் கொட்டிப் பாத்துட்டானுவ. நல்லவேள, பழச வெட்டிப் போட்டிய. விருத்தாசலம் தாண்டியாச்சு. ஜன்னல் சீட்டு.”

“லைட்டு...” என்றாள் பிலோமினா.

“பச்சையா எரியுதுக்கா, ஜோரா! கைய வச்சு அமுக்க வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஏழு நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் ரெண்டு கையும் சும்மா இருக்கு. அம்மைட்ட சொன்னேன், ஸ்டேசனுக்கு வந்து நிக்கேன்னா. என்னக்கா, பேச மாட்டேங்கிய? அழுதியளா? மாமா நல்லா இருக்காவள்லா?”

“நல்லாக் கீறாரு.”

“அப்புறம் என்ன? எக்கா, எனக்குக் கண்ணச் சொருகிட்டு வருது. செத்த தூங்குதேன். ஊர் வந்ததும் கூப்பிடுதேன், சரியா?”

சூசை எதிரே நின்று, சொல்லு சொல்லு என்று கையாட்டினான். பிலோமினா போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பீப் அடிக்க இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.

“தூங்கு கண்ணு” என்றாள். “நல்லா தூங்கு.”

போன் அணைந்தது. சூசை விலாவுக்குக் கீழிருந்த பின்னைப் பிடுங்கித் தரையில் எறிந்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். சுவரில் பேப்பர் படத்தில் பிலோமினா கட்டரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் தவழ்ந்துபோய் அந்த ஒயரை எடுத்தாள். புடவைத் தலைப்பால் பின்னைத் துடைத்தாள். அவன் வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டான். அவள் மறுபடியும் கொண்டுவந்தாள். மூன்றாம் தடவை அவன் தடுக்கவில்லை.

மாட்டினாள். பச்சை எரிந்தது.